மதுரையில் டெங்கு, அப்புறம் ஐவிஎஃப்

டொராண்டோவிலிருந்து கருத்தரிப்புச் சிகிச்சைக்கு ஊருக்கு வருவதென்றால் லீவுக் கணக்குதான் முதல் தலைவலி. ஒன்டாரியோ அரசு 43 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் உடம்புக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை) சுழற்சிக்குப் பணம் தருகிறது, ஆனால் வரிசை நீளம், மருந்துக் காசும் நம் தலையில்தான். அதனால் நவம்பரில் மதுரைக்கு வந்தோம். வந்த கொஞ்ச நாளிலேயே வீட்டுக்காரருக்குக் கடும் காய்ச்சல்.

டெங்குவைக் கவனித்த விதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. லேப்காரர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார், மதியத்துக்குள் டெங்குவைக் காட்டும் என்எஸ்1 பாசிட்டிவ் என்று வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிட்டது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஏறும்வரை தினமும் பார்த்தார்கள். பாராசிட்டமால், இளநீர், கஞ்சி, அவ்வளவுதான், இப்யூபுரூஃபென் பக்கமே போகக்கூடாது என்றார்கள். அத்தை நிலவேம்புக் கஷாயத்தோடு நின்றார், அது தனிக் கதை.

சிக்கல் அதற்கப்புறம்தான். முதலில் போன கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும் முன்பே பேக்கேஜ் பேச ஒரு பெண் வந்துவிட்டார். டெங்கு வந்ததைச் சொன்னோம். "அதான் காய்ச்சல் விட்டாச்சே மேடம், விந்தணுவை ஊசியால நேரா முட்டைக்குள்ள செலுத்துற இக்சி பண்ணா ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும், அடுத்த பீரியட்ஸ் ரெண்டாம் நாள் முட்டை வளர ஊசி ஆரம்பிச்சுடலாம்" என்றார். காய்ச்சல் எத்தனை டிகிரி போனது, எப்போது விட்டது என்று யாரும் கேட்கவே இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். விந்தணு ஒன்று உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும், அதற்குள் கடும் காய்ச்சல் அடித்தால் எண்ணிக்கையும் ஓட்டமும் குறையும், உள்ளே டிஎன்ஏவும் சிதையலாம், ஊசியால் முட்டைக்குள் செலுத்திவிட்டால் மட்டும் அது சரியாகிவிடாது என்றார். புதிதாக ஒரு விந்துப் பரிசோதனை எழுதித் தந்தார். டொராண்டோவில் எடுத்த பழைய ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்தால் பாதிகூட இல்லை. எனக்கும் ஒரு நாள் உடம்பு வலித்ததைச் சொன்னதும் என் பிளேட்லெட்டையும் பார்க்கச் சொல்லிவிட்டார், முட்டை எடுப்பது சினைப்பைக்குள் ஊசி குத்தி என்பதால் ரத்தக்கசிவு ஆகக்கூடாதாம். நல்லவேளை, நார்மல்.

சரி, ஐவிஎஃப் தள்ளிப்போகிறது என்றால், வந்ததற்கு முட்டையையாவது இப்போதே எடுத்து உறைய வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். முட்டை இருப்பைக் காட்டும் என் ஏஎம்ஹெச் அளவு நன்றாக இருப்பதால் அவசரமில்லை, வயதோ முட்டை இருப்போ நெருக்கினால்தான் அப்படி யோசிக்கவேண்டும் என்றார். உறைய வைக்க நினைப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 2021-ஆம் ஆண்டு வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி நம்முடைய முட்டை, கரு எதையும் தேசிய வாரியத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கனடாவில் தொடரலாம் என்ற நினைப்பில் இங்கே சேமித்தால் அலைச்சல்தான்.

இந்தத் தடவை எச்ஐவி, ஹெபடைடிஸ் பரிசோதனைகள், ருபெல்லா, ஸ்கேன் எல்லாம் முடித்து, பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் நகல்களைக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் மீதி லீவைக் கொடைக்கானலில் கழிக்கலாம் என்கிறார். பிப்ரவரி கடைசியில் டொராண்டோவிலேயே இன்னொரு விந்துப் பரிசோதனை எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பவேண்டும், அது தேறினால்தான் டிக்கெட்.