ஃப்ராங்கோனியா முகடு: அப்பலாச்சியன் டிரெயிலில் ஒரு நாள் நடை, முழு விவரம்

பாஸ்டனிலிருந்து 93-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டு, இரண்டேகால் மணி நேரம் ஓட்டினால் நியூ ஹாம்ப்ஷயரின் ஃப்ராங்கோனியா நாட்ச் என்ற மலைக் கணவாய் வரும். சாலைக்குக் கிழக்கே நெடுஞ்சுவர் போல நிற்கும் முகட்டின் மேல்தான் அப்பலாச்சியன் டிரெயில் போகிறது. ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்களில் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளும் பாதை அது. பெரும்பகுதி காட்டுக்குள்ளேயே கிடக்கும். நாள் முழுக்க நடந்தாலும் வானம் இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் தெரியும். இங்கே 2.7 கிலோமீட்டருக்கு மரமே கிடையாது. லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லாஃபயெட் என்று அடுத்தடுத்து மூன்று சிகரங்கள், இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடக்கூடிய அப்பலாச்சியன் துண்டுகளில் இதற்கு நிகராக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம்.

முழுச் சுற்று 14.3 கிலோமீட்டர். ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் 5.1 கி.மீ. ஏற்றம், முகட்டில் 2.7, லாஃபயெட் உச்சியிலிருந்து கிரீன்லீஃப் ஹட் என்ற மலை விடுதி வரை 1.8, அங்கிருந்து ஓல்ட் பிரைடில் பாத் வழியாகக் கீழே 4.7. தூரத்தை மட்டும் பார்த்து நாலு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் இருட்டில் மாட்டுகிறார்கள். மொத்த ஏற்றம் சுமார் 1,190 மீட்டர். இந்தப் பக்கத்து வழக்கமான கணக்கு: ஒரு மைலுக்கு அரை மணி, ஒவ்வொரு ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் இன்னொரு அரை மணி. அப்படிப் போட்டால் நிற்காமல் நடந்தாலே ஆறரை மணி வரும். சாப்பாடு, படம், மூச்சு வாங்குவது எல்லாம் சேர்த்து எட்டு, ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிங்தான் இந்த இடத்தின் பெரிய குறை. சாலையின் வடக்கு நோக்கிய பக்கத்தில் ஒரு இடம். தெற்கு நோக்கிய பக்கத்தில் லாஃபயெட் பிளேஸ் முகாம் அருகே இன்னொன்று, அங்கிருந்து சாலைக்கு அடியில் நடந்து வர வழி உண்டு. கோடையிலும் இலை நிறம் மாறும் வாரங்களிலும் சனி, ஞாயிறு என்றால் விடிந்த கொஞ்ச நேரத்தில் இரண்டுமே நிரம்பிவிடும். சாலை ஓரத்தில் நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சீசன் வாரக் கடைசிகளில் மலையேறுபவர்களுக்காக ஷட்டில் வண்டி விடுவதுண்டு. அந்த வருட அட்டவணையையும் கடைசி வண்டி நேரத்தையும் முதல் நாளே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் செவ்வாயோ புதனோ விடுப்பு எடுத்துப் போவது உத்தமம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை: ஃபாலிங் வாட்டர்ஸில் ஏறி, ஓல்ட் பிரைடிலில் இறங்க வேண்டும். முதல் 300 மீட்டர் இரண்டுக்கும் பொதுவான வழி. பிறகு வரும் பிரிவில் வலப்பக்கம் திரும்பிப் பாலத்தைத் தாண்டினால் ஃபாலிங் வாட்டர்ஸ். செங்குத்தான பாதை, ஓடையை ஒட்டியே போவதால் பாறையில் எப்போதும் ஈரம். ஏறும்போது எடை முன்காலில் விழும், கையும் பிடிக்க உதவும். அதே ஈரப் பாறையில் களைத்த முழங்காலோடு இறங்கும்போதுதான் வழுக்கிக் கணுக்கால் பிசகுகிறது.

வழியில் மூன்று அருவிகள். கடைசியாக வரும் கிளவுட்லேண்ட், சுமார் 80 அடி, விசிறி மாதிரி விரிந்து விழும். பலத்த மழைக்கு மறுநாள் போனால் ஓடையைக் கடக்கும் இடங்களில் கல் மூழ்கியிருக்கும். அப்போது இந்தச் சுற்றையே தள்ளிப்போடுங்கள். அருவிகளைத் தாண்டியதும் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடும். அதன் பிறகு கிரீன்லீஃப் ஹட் வரை நம்பி நிரப்பிக்கொள்ளத் தண்ணீர் இல்லை. தொடங்கிய இடத்திலிருந்து ஹட் 9.6 கி.மீ.; ஒருவருக்கு இரண்டு லிட்டர் குறைந்தபட்சம், வெயில் நாளில் மூன்று.

மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, இடுப்பளவு, முழங்காலளவு என்று சுருங்கி, சட்டென்று முடிந்துவிடும். அங்கேதான் லிட்டில் ஹேஸ்டாக். இந்த நடையில் முக்கியமான முடிவு எடுக்க வேண்டிய இடம் இதுதான். கடைசி மரங்களின் மறைவிலேயே நின்று காற்றைத் தடுக்கும் மேலாடையை மாட்டிக்கொண்டு மேற்கே பாருங்கள். இடி மேகம் திரண்டாலோ, வழி காட்ட வைத்திருக்கும் அடுத்த கல்குவியலே தெரியாத அளவுக்கு மூடுபனி இருந்தாலோ, காற்றில் நேராக நிற்க முடியாவிட்டாலோ வந்த வழியே திரும்பிவிட வேண்டும். லாஃபயெட் வரைக்கும் நடுவில் இறங்குவதற்கு வேறு பாதை கிடையாது. கிழக்கே தெரிவது பெமிஜெவாசெட் என்ற பெருங்காடு. அந்தப் பக்கம் தவறி இறங்கினால் சாலையை விட்டு விலகிக்கொண்டே போவீர்கள். சுற்றின் தொடக்கத்தைவிட லாஃபயெட் உச்சி ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம். காற்றே இல்லாவிட்டாலும் ஆறேழு டிகிரி குளிர் கூடும். மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகம் உயரச் சிகரங்களுக்கென்று தனியாக முன்னறிவிப்பு தருகிறது. போனில் காட்டும் ஊர் வானிலையை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

வானம் சரியாக இருந்தால் இடப்பக்கம், அதாவது வடக்கே திரும்புங்கள். இங்கிருந்துதான் நீங்கள் நடப்பது அப்பலாச்சியன் டிரெயில்; இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம் உள்ள வெள்ளைப் பட்டைகள் பாறையில் தெரியும். பாதையின் இரு ஓரமும் தாழ்வாகக் கல் அடுக்கியிருப்பார்கள். அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். தரையோடு மெத்தை மாதிரி ஒட்டிக் கிடக்கும் டயபென்சியா பார்ப்பதற்குப் பாசி போலத்தான் இருக்கும். குனிந்து பார்த்தால் தடித்த சிறு இலைகள் நெருக்கி அடுக்கியிருப்பதும், ஜூன் மாதமென்றால் நடுவே வெள்ளைப் பூக்களும் தெரியும். குளிரையும் சூறைக்காற்றையும் தாங்கும் இந்தச் செடி மனிதக் கால்மிதியைத் தாங்காது. உலகிலேயே இந்த முகடு அடங்கிய ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில் மட்டும் இயற்கையாக வளரும் ராபின்ஸ் சின்க்ஃபாயில் இந்த முகட்டிலும் உண்டு. அழியும் நிலையிலிருந்து மீண்டு, 2002-இல் அமெரிக்க அரசின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட செடி அது. எதிரே கூட்டம் வந்தால் ஒரு பாறை மேல் ஏறி நின்று வழி விடுங்கள்.

லாஃபயெட் உச்சியில் பழைய கட்டடம் ஒன்றின் கல் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து சாப்பிட அதைவிட நல்ல இடம் கிடையாது. கிளம்பும்போதுதான் கவனம் தேவை. அதுவரை வழிகாட்டிய வெள்ளைப் பட்டை இங்கே நேராக வடக்கே, கார்ஃபீல்ட் மலைப் பக்கம் போய்விடும். பனிமூட்டத்தில் அதையே பிடித்துக்கொண்டு போனால் கார் நிற்கும் இடத்துக்கு எதிர்த்திசையில் இறங்குவீர்கள். உச்சிப் பலகையில் கிரீன்லீஃப் என்ற பெயரைப் படித்துவிட்டு இடப்பக்கம், மேற்கே இறங்குங்கள்.

கிரீன்லீஃப் ஹட்டுக்கு எங்கள் மதிப்பெண் தாராளம். அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் நடத்தும் மலை விடுதி. ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை முழுச் சேவை. தங்காதவர்களும் உள்ளே போகலாம். குடிதண்ணீர், கழிப்பறை, சூப், சுடச்சுட இல்லாவிட்டாலும் நல்ல கேக் வகைகள். சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இதை நம்பி வெறும் பையோடு வரவேண்டாம். புளியோதரையோ சப்பாத்திச் சுருளோ கொண்டுவந்தால் உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். உங்கள் குப்பை உங்களோடுதான் கீழே வர வேண்டும்.

ஹட்டுக்குக் கீழே ஓல்ட் பிரைடில் பாத், தேய்ந்து வழவழப்பான பாறைச் சரிவுகளோடு தொடங்கும். மழை நாளில் உட்கார்ந்து நகர வேண்டியிருக்கும். கைத்தடி இரண்டு இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும். பிறகு காடு, கல், வேர் என்று சலிப்பாக நீளும்.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜூலையிலும் ஒரு ஃப்ளீஸ் (கதகதப்பான செயற்கை இழை மேலாடை), மழைக்கோட்டு, நெற்றி விளக்கு பையில் இருக்கட்டும். மே மாதம் முழுக்க மேல்பகுதி நிழலில் பனிக்கட்டி கிடக்கலாம், அப்போது ஷூவில் மாட்டும் இரும்பு முள் தேவை. முதல்முறை போகிறவர்களுக்கு ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சரியான காலம். நியூ ஹாம்ப்ஷயரில் அலட்சியத்தால் மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை உங்களிடமே கேட்க முடியும். 25 டாலருக்கு ஒரு வருட ஹைக் சேஃப் அட்டை வாங்கினால் சாதாரண அலட்சியத்துக்கு அந்தச் சுமை இல்லை, குடும்பத்துக்கு 35 டாலர்.

சின்னப் பிள்ளைகளோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோ கூட இருந்தால் கிளவுட்லேண்ட் அருவி வரை போய்த் திரும்புங்கள். மொத்தம் 4.2 கி.மீ., இரண்டு மூன்று மணி நேரம். ஓடையைக் கடக்கும் இடங்களில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.