மூன்றாம் மாடி ரூம், உப்புத் தண்ணீர், ஒரு நல்ல லேப் சார்: என் காலேஜ் ஹாஸ்டல் அனுபவம்

வேலூர் பக்கம் இன்ஜினியரிங் சேரலாமா, ஹாஸ்டல் எப்படி என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போகிற ஒரு தனியார் காலேஜ், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. நான் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), மூன்றாம் வருடம். இன்னும் ஒரு வருடம் அங்கேதான் படிக்க வேண்டும் என்பதால் பெயரைப் போடவில்லை. போளூர் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் வந்தவள் நான், ஹாஸ்டல் ஃபீஸ் உட்பட எல்லாம் அரசாங்கம் கட்டுகிறது. சும்மா கிடைப்பதில் குறை சொல்லாதே என்று எங்கள் அப்பா சொல்வார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அரசாங்கம் கட்டும் பணத்துக்கும் நல்ல தண்ணீர் வரத்தானே வேண்டும்?

தண்ணீர்தான் முதல் பிரச்சினை. குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர், வாயில் வைத்தால் உப்பு. சோப்பு நுரைக்காது. புது பக்கெட் வாங்கினால் ஒரே மாதத்தில் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும், தேய்த்தாலும் போகாது. முதல் செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது என் சடையைப் பிடித்துப் பார்த்து அம்மா அழுதேவிட்டார், அவ்வளவு முடி கொட்டியிருந்தது. பாலாறு பாதி வருடம் மணலாகக் கிடக்கிறது, போர் தண்ணீர் பின்னே எப்படி இருக்கும் என்று வார்டன் அம்மா சொன்னார். சரி, ஊர்ப் பிரச்சினை என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்கு மட்டும் நாள் தவறாமல் லாரியில் நல்ல தண்ணீர் வருகிறதே. குடிக்கிற தண்ணீர் ஆர்ஓ, அது பரவாயில்லை, ஆனால் கீழ்த்தளத்தில் மட்டும்தான் இருக்கிறது.

ரூம் மூன்று பேருக்கானது, நாலாவது கட்டில் போட்டிருக்கிறார்கள், ஃபேன் ஒன்றுதான். முதல் வருடப் பிள்ளைகளுக்கு எப்போதும் மூன்றாம் மாடி, அதாவது மொட்டை மாடிக்கு நேர் கீழே. வேலூர் வெயில் தெரியுமல்லவா, 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், செமஸ்டர் எக்ஸாமும் சரியாக அந்த ஏப்ரல், மே மாதத்தில்தான் வரும். இரவு பதினோரு மணிக்குக்கூட சுவரில் கை வைத்தால் சுடும். தரையில் தண்ணீர் ஊற்றி, ஈர பெட்ஷீட் விரித்து, அதன் மேல் படுத்துக்கொண்டுதான் படித்தோம். ஹாஸ்டல் பார்க்க வருகிற பெற்றோரை முதல் மாடியில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் ஒரு ரூமுக்குக் கூட்டிப்போவார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், மதியம் மூன்று மணிக்கு மூன்றாம் மாடியைக் காட்டச் சொல்லுங்கள், குழாயையும் திறந்து பாருங்கள்.

மெஸ் சுமார். சாம்பார் தண்ணீர், இட்லி கல், ஞாயிற்றுக்கிழமை சிக்கன் மட்டும் நன்றாக இருக்கும். முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடே வாங்கிய மாவட்டம் இது, ஆனால் எங்களுக்கு வருவதோ விதை முற்றிய கத்தரிக்காய். ஒரே ஒரு தடவை, குடியாத்தத்துக்கார மாஸ்டர் ஒருவர் இரண்டு மாதம் இருந்தபோது, முள்ளுக் கத்தரிக்காயில் எண்ணெய்க் குழம்பு வைத்தார். அன்றைக்கு ஹாஸ்டலே இரண்டாவது தடவை சாப்பாடு வாங்கியது.

பாடம் நடத்துவது பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரே மாதிரி இல்லை. முதல் வருடம் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் எடுத்த மேடம் அருமை. கணக்கை போர்டில் போட்டுக்கொண்டே ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன் என்று தமிழில் சொல்வார், எக்ஸாமுக்கு எப்படி எழுத வேண்டும் என்று அப்புறம் இங்கிலீஷில் சொல்வார். என்னை மாதிரி தமிழ் மீடியம் பிள்ளைகள் அவரால்தான் அரியர் இல்லாமல் தப்பித்தோம். மூன்றாம் செமஸ்டரில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பருக்கு மூன்று பேர் மாறினார்கள். ஒருவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார், அடுத்தவர் பிபிடி ஸ்லைடை அப்படியே வாசித்தார், கடைசியில் வந்தவர் கொஸ்டின் பேங்க் ஜெராக்ஸ் கொடுத்து, பத்து ரெண்டு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்தால் 20 வந்துவிடும், பாஸாக மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பேப்பரில் அடிப்படையே கான்வல்யூஷன்தான், இரண்டு சிக்னல்களைச் சேர்த்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கும் கணக்கு. அது என்ன என்று வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதைப் புரிய வைத்தவர் லேப் சார். நோட்டுத் தாளை இரண்டு பட்டையாகக் கிழித்தார். ஒன்றில் 1, 2, 3 என்று எழுதினார், இன்னொன்றில் 1, 1. இரண்டாவதைத் திருப்பிப் போடு, ஒவ்வொரு கட்டமாக நகர்த்து, மேலும் கீழும் இருப்பதைப் பெருக்கு, வருவதைக் கூட்டு என்றார். 1, 3, 5, 3 வந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அது அவர் வேலையே இல்லை, லேப் ரெக்கார்டில் கையெழுத்து போட்டு அனுப்பியிருக்கலாம். இப்படி இரண்டு பேர் இருந்தால் போதும், ஒரு டிபார்ட்மென்ட் உருப்பட்டுவிடும். ஆனால் இவர்களையும் அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்க அனுப்புகிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று, பெண்களாகச் சேருகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது. லைப்ரரி இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும், ஏசியும் உண்டு. ஹாஸ்டலுக்குள் வந்துவிட வேண்டிய இன்டைம் பையன்களுக்கு எட்டரை, எங்களுக்கு ஆறரை. லைப்ரரி எங்கள் ஹாஸ்டல் வாசலிலிருந்து கூப்பிடு தூரம், கேம்பஸ் சுவருக்குள்ளேயே இருக்கிறது. பாதுகாப்பு என்கிறார்கள். அந்தச் சுவருக்குள் எங்களுக்கு என்ன ஆபத்து என்று கேட்டால் பதில் இல்லை. பையன்கள் ஏசியில் உட்கார்ந்து படிக்கிற அந்த ஒன்றரை மணி நேரம் நாங்கள் மூன்றாம் மாடியில் வேகிறோம், எக்ஸாம் ஹாலில் கொஸ்டின் பேப்பர் மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

என் தங்கை அடுத்த வருடம் கவுன்சிலிங் போகிறாள். இதே டிபார்ட்மென்டில் சேர், ஆனால் முதலில் ஹாஸ்டலைப் போய்ப் பார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். லைப்ரரி நேரத்துக்காகப் போன வாரம் எங்கள் பிளாக்கில் அறுபது பேர் கையெழுத்து போட்டு வார்டனிடம் கொடுத்திருக்கிறோம். மேலே அனுப்பியிருப்பதாகச் சொன்னார். பதில் வந்தால் எழுதுகிறேன்.