வண்ணப் பெட்டிக்குக் கீழே உள்ள வரி: லிவர்பூல் எச்.ஐ.வி. மருந்து இடைவினைத் தளம்

எச்.ஐ.வி. மருந்துகளோடு எந்த மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று பார்ப்பதற்காக லிவர்பூல் பல்கலைக்கழக மருந்தியல் துறையினர் 1999-இல் தொடங்கிய இலவசத் தளம் இது. மருத்துவர்களுக்கு இதனால் என்ன பயன் என்பது ஊரறிந்த செய்தி. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மருந்தாய்வில் இப்போதுதான் காலடி வைத்திருக்கும் இளம் விஞ்ஞானிக்கு இது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

இரண்டு மருந்துகளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வண்ணப் பெட்டி வரும். சிவப்பு என்றால் சேர்க்கவே கூடாது. ஆம்பர் (செம்மஞ்சள்) என்றால் அளவை மாற்றவோ கண்காணிக்கவோ வேண்டியிருக்கலாம். மஞ்சள் வலுவற்ற இடைவினையையும், பச்சை இடைவினை எதிர்பார்க்கப்படாததையும் குறிக்கும். எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரையும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினையும் இட்டுப் பார்த்தேன், ஆம்பர் வந்தது. ரிஃபாம்பிசின் நொதிகளைத் தூண்டி டோலுடெக்ராவிரை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடுவதால், 50 மி.கி. மாத்திரையை நாளுக்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வேளை கொடுக்க வேண்டும். இரு நோய்களும் ஒருவரையே பீடிக்கும் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இது அன்றாடக் கேள்வி.

ஆனால் ஆய்வாளர் நின்று படிக்க வேண்டியது வண்ணத்தை அல்ல, சான்றின் தரத்தைச் சொல்லும் வரியை. பச்சைப் பெட்டியின் கீழே 'மிகக் குறைவு' என்றிருந்தால், மருந்துகள் சிதையும் பாதையை வைத்துக் கணித்திருக்கிறார்களே தவிர, நோயாளிகளிடம் யாரும் முறையாக அளந்து பார்க்கவில்லை என்று பெரும்பாலும் பொருள். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுபவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது அரிது. அளந்து பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு உகாண்டாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றே போதும்: லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனை வெளிவிட்டு ஐந்தாண்டு பலன் தர வேண்டிய கருத்தடை இம்பிளான்டைத் தோலுக்கடியில் பொருத்தியிருந்தும், எஃபவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுத்துவந்த 20 பெண்களில் 3 பேர் 48 வாரங்களுக்குள் கருவுற்றனர், அந்த ஹார்மோனின் அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது.

தளத்தின் எல்லையும் எனக்கு இங்கேதான் தெரிகிறது. விடைகள் இரண்டிரண்டு மருந்துகளாகவே வருகின்றன. காசநோயும் உள்ள நோயாளியோ எச்.ஐ.வி. மருந்தோடு நான்கு காசநோய் மருந்துகளைச் சேர்த்து விழுங்குகிறார். எஃபவிரென்ஸின் அளவை ரிஃபாம்பிசின் குறைக்கப் பார்க்கும், இன்னொரு காசநோய் மருந்தான ஐசோநையசிட் அது சிதையும் வேறொரு பாதையை அடைத்துக் கூட்டப் பார்க்கும். எது வெல்லும் என்பது, எஃபவிரென்ஸைச் சிதைக்கும் நொதியை உருவாக்கும் அவருடைய சி.ஒய்.பி.2பி6 மரபணுவைப் பொறுத்தது. எஃபவிரென்ஸை மெதுவாகச் சிதைக்கும் அதன் வடிவம் ஆப்பிரிக்க மக்களிடையே அதிகம் காணப்படுகிறது. ஒரே ஒரு வண்ணம் இதையெல்லாம் சொல்லிவிட முடியாது. ஆகவே இதைப் பயன்படுத்தும் மாணவர்கள் வண்ணத்தைக் கையால் மறைத்துவிட்டு, சான்று வரியை முதலில் படிக்கட்டும்.