மார்கழிப் பனியும் மாசிப் புகையும்: நுண்துகளை எதால் அளப்பது?

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் ஒரு லேசர் சென்சார் தொங்குகிறது. மார்கழியில் விடிய ஆறு மணிக்கு அதன் எண் கிடுகிடுவென ஏறும். முற்றத்தில் புகையே இராது. வேப்பிலையில் பனிதான் சொட்டும். ஒன்பது மணி வெயில் பட்டதும் எண் தானாக இறங்கிவிடும்.

காரணம் இதுதான். சென்சார் துகளை நிறுப்பதில்லை, சிதறும் ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. காற்று ஈரமானால் துகள்கள் தண்ணீர் குடித்து ஊதும். சென்சார் தண்ணீரையும் மாசுக்கணக்கில் சேர்த்துவிடும். சோளகம் (தென்மேல் காற்று) வீசும் ஆடியில் நிலைமை தலைகீழ். கிரவல் ரோட்டில் டிப்பர் ஒன்று போனால் கூரையெல்லாம் செம்மண் படியும், எண்ணோ பெரிதாக அசையாது. அந்தத் தூசியில் பெரும்பகுதி, நுண்துகளின் எல்லையான 2.5 மைக்ரோனைவிட (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரியது. மீதியையும் இவ்வகைச் சென்சார் குறைத்தே காட்டும். ஆக மாரியில் கூட்டிச் சொல்லும், கோடையில் குறைத்துச் சொல்லும். வன்னிக்கு இதைவிட மோசமான பிழைச் சேர்க்கை இல்லை. ஆனால் காலபோக நெல் அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் புகை அதற்கு நன்றாகப் பிடிபடும். எத்தனை மணிக்கு எழுந்தது, எப்போது அடங்கியது என்று நிமிடக் கணக்கில் சொல்லும். சில ஆயிரம் ரூபாய்க்கு இது பெரிய விஷயம்.

நிறுத்துப் பார்க்கும் முறை வடிதாள்தான்: காற்றைத் தாளினூடாக இழுத்து, அதில் படிந்த துகளை நிறுப்பது. நிமிடத்துக்கு 16.7 லீற்றர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் 24 கனமீற்றர் காற்று. உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளுக்குச் சொன்ன நாளெல்லை கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராம். அந்த அளவு காற்றில் தாளில் சேர்வது வெறும் 360 மைக்ரோகிராம். ஏறத்தாழ அரிசி மணியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதனால்தான் ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்திய அறையில் நிறுக்கவேண்டும். நம்பலாம், ஆனால் நாளுக்கு ஒரே எண். ஒரு மணி நேரப் புகை அதில் கரைந்துவிடும்.

பீற்றாக் கதிர் கருவி, படிந்த துகள் அந்தக் கதிரை எவ்வளவு மறிக்கிறது என்று பார்த்து எடையைச் சொல்வது, இரண்டுக்கும் நடுவே: மணிக்கொரு எண் தரும், உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைக்கும். விலை பல இலட்சம், கரண்டும் விடாமல் வேண்டும். ஊருக்கு ஒன்று சரி, வீட்டுக்கு வீடு நடவாது.

செய்மதிக்கு ஒரு பலம்: 2000இலிருந்து தொடர் பதிவு இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது நிலத்திலிருந்து வானம்வரை உள்ள துகள் மொத்தத்தையும். மூக்கருகே உள்ளதை அதிலிருந்து ஊகிக்கவேண்டும். 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசால் இலங்கையில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்படி வாடைக்காற்றோடு மாசு வரும் மாரிகாலத்தில்தான் முகில் செய்மதியின் கண்ணை மறைக்கிறது.

ஆண்டுக்கணக்கில் பார்ப்பதென்றால் என் தெரிவு சென்சார்தான், ஆனால் தனியே அல்ல. மாரியில் இரண்டு கிழமை, சோளகத்தில் இரண்டு கிழமை வடிதாளோடு பக்கத்தில் ஓடவிட்டு, பருவத்துக்கொரு திருத்தம் எடுக்கவேண்டும். இடையில் கருவியை மாற்றினால் பழையதும் புதியதும் கொஞ்சக் காலம் சேர்ந்தே ஓடவேண்டும். இல்லையென்றால் மாறியது காற்றா கருவியா என்று பிரிக்கமுடியாது. எங்கள் தாழ்வாரத்தில் இப்போது பழைய சென்சாரோடு புதியதொன்றும் தொங்குகிறது. மார்கழி முடியுமட்டும் பழையதைக் கழற்றமாட்டேன்.