டொபீகாவின் மன்றோ பள்ளி: போக வேண்டிய அருங்காட்சியகம்

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் இருக்கிறது டொபீகா, கேன்சஸ் சிட்டியிலிருந்து காரில் ஒரு மணி நேரம். தேசியப் பூங்காத் துறை நடத்துகிறது, கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்களே, அந்த பிரவுன் வழக்கின் பள்ளிக்கூடம் இது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளி; லிண்டா பிரவுன் என்ற சிறுமி படித்தது இங்கேதான். வழக்கு அவள் அப்பா ஆலிவர் பெயரில்.

ஒழுகும் கூரையும் உடைந்த பெஞ்சும்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். நிற்பதோ கல்லுக்குண்டு மாதிரி ஒரு செங்கல் கட்டடம். "நல்லாத்தானேப்பா இருக்கு, அப்புறம் எதுக்குக் கேஸ் போட்டாங்க?" என்றான் என் பையன். நியாயமான கேள்வி. கீழ் நீதிமன்றமும் கட்டடம், பாடம், ஆசிரியர் தகுதி எல்லாம் ஏறக்குறைய சமம் என்றுதான் சொன்னது. பிரித்து வைப்பது கறுப்பினப் பிள்ளைகளின் மனதைக் கெடுக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆனாலும், வசதி சமமாக இருந்தால் பிரித்து வைக்கலாம் என்ற 1896-இன் பிளெசி தீர்ப்பைக் காட்டிக் கைவிரித்துவிட்டது. கூரை ஒழுகியிருந்தால் ஓடு மாற்றிக் கணக்கை முடித்திருப்பார்கள். இங்கே மாற்ற ஓடு இல்லை. பிரிப்பதே குற்றமா என்பதற்கு உச்ச நீதிமன்றம் நேராகப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்கான சம்னர் பள்ளி இருக்க, லிண்டா ரயில் தண்டவாளங்களைத் தாண்டி நடந்து பஸ் பிடித்து இங்கே வந்திருக்கிறாள்.

உள்ளே ஒரு குறுகலான நடை. இரண்டு பக்கமும் திரைகளில் வெள்ளையர் கூட்டம் நம்மைப் பார்த்துக் கத்துகிறது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். என் பையன் என் கையை விடவில்லை.

எனக்கொரு உறுத்தல் உண்டு, அது இந்த இடத்தின் மேல் அல்ல. பிரவுன் வழக்கோடு உச்ச நீதிமன்றம் சேர்த்து விசாரித்த வழக்குகளில் டொபீகாவுக்கு மட்டும்தான் பேர் கிடைத்தது. அவற்றில் இன்னொன்று வர்ஜீனியா மாநிலத்துடையது. அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தார்க் காகிதக் கொட்டகையில் வகுப்பு நடப்பதை எதிர்த்து 1951-இல் பள்ளியையே வேலைநிறுத்தத்துக்கு இழுத்த பார்பரா ஜான்ஸுக்கு அப்போது 16 வயது. அந்தப் பள்ளி இருந்த கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்ன செய்தது தெரியுமா? கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959 முதல் 1964 வரை எல்லா அரசுப் பள்ளிகளையும் பூட்டி வைத்தது.

இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மழலையர் வகுப்பறையைப் பழையபடியே வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான்.