சின்னம்மா வீட்டு சோலார் பெட்டி

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானின் முதல் நாள். ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான சிரியமே தெருவில் இறங்கித் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்க, நான் மட்டும் சின்னம்மா வீட்டு மாடிப்படிக்கு அடியில் குந்தி, சுவரில் மாட்டிய ஒரு பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் கண்ட்ரோலர் என்பார்கள், சோலார் தகட்டுக் கரண்டைப் பேட்டரிக்கு அளந்து கொடுக்கும் பெட்டி. கூரையில் 550 வாட் தகடு இரண்டு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெட்டியில் ஒரு பொட்டு விளக்குகூட எரியவில்லை. இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பது ஒரு தனி அவமானம்.

விமான நிலையத்தில் வரிசை சீக்கிரம் நகர்ந்தது, பீலிக்கான் கோயிலில் நல்ல தரிசனம், பல்வலிக்குப் பார்த்த டாக்டரும் கைராசிக்காரர். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எனக்கு இந்தப் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பலகையில் தன்லின் என்று இருந்தாலும் நமக்கு அது சிரியம்தானே. நான் போயிருந்தபோது நாலு மணி நேரம் கரண்டு, எட்டு மணி நேரம் இல்லை என்று முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த முறையும் தன் இஷ்டத்துக்குத்தான் வரும். இரவு இரண்டு மணிக்கு "மீ லாப்பீ!" (கரண்டு வந்தாச்சு!) என்று தெருப் பிள்ளைகள் கத்தியதும் தூக்கத்திலேயே எழுந்து தண்ணீர் மோட்டார் போட ஓடினேன். இருபத்திரண்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்தும் காலுக்கு அது மறக்கவில்லை. அங்கே கரண்டு வந்ததற்காக யாரும் கத்தி நான் கேட்டதில்லை. போனால்தானே வருவதற்கு!

சோலார் போடச் சொன்னவன் நான்தான். போன வருஷம் போனில் பெரிய மனுஷனாக அறிவுரை சொன்னேன். "பேட்டரி லித்தியமா வாங்குங்க சின்னம்மா. சார்ஜ் கண்ட்ரோலர் மட்டும் எம்.பி.பி.டி. வகை வேணும், அதுதான் வெயிலை வீணாக்காது. பெட்டியில எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க." பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். தங்க நிறத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

அன்று காலை ஃபிரிட்ஜ் நின்று, ஃபேன் நின்று, இன்வெர்ட்டரும் வாயை மூடிக்கொண்டது. மூன்று தெரு தள்ளி இருக்கும் எலெக்ட்ரீஷியன் தம்பிக்குச் சின்னம்மா ஆள் அனுப்பினார். எனக்கு நம்பிக்கையே இல்லை. திஞ்சானில் எவன் வேலைக்கு வருவான்? சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டுக்கு ஏசி ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள், அடுத்த வாரம் தேதி கொடுப்பார். இந்தத் தம்பி அரை மணியில் வந்து நின்றான். தலையிலிருந்து லோஞ்சிக் கைலி வரை சொட்டச் சொட்ட, கன்னத்தில் பூசிய தனக்கா மரச் சாந்து கரைந்து வழிய. "மாமி கூப்பிட்டா வராம இருப்பேனாண்ணே," என்றான். கையை மட்டும் நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பேட்டரி முனையில் மீட்டரை வைத்தான். பூஜ்யம். எனக்கு வயிற்றைக் கலக்கியது, லட்சக்கணக்கில் கியாட் கொடுத்து வாங்கியது. "சாகலண்ணே, தூங்குது," என்றான். லித்தியம் பேட்டரிக்குள்ளேயே பி.எம்.எஸ். என்று ஒரு காவல்காரன் உண்டு. எட்டு செல்லில் ஒன்று 2.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கினாலும் மொத்தக் கதவையும் சாத்திவிடுவான். இன்வெர்ட்டரோ பழைய ஆசிட் பேட்டரிக் கணக்கில் 21 வோல்ட் வரை உறிஞ்சும்படி விட்டுக் கிடந்தது. காவல்காரன் சாத்தினான். இனி வெளியிலிருந்து சார்ஜ் வந்தால்தான் திறப்பான். ஆனால் சார்ஜ் தர வேண்டிய பெட்டியோ பேட்டரி வோல்டேஜைப் பார்த்தால்தான் கண்ணையே திறக்கும். பேட்டரி பெட்டிக்காகக் காத்திருக்க, பெட்டி பேட்டரிக்காகக் காத்திருக்க, நடுவில் நான் விசிறி மட்டையோடு. தூங்கும் லித்தியத்தைத் தானே எழுப்பும் வசதி சில கண்ட்ரோலரில் இருக்கிறதாம். இதில் இல்லை.

தம்பி வெளியே போய்த் தன் பைக் பேட்டரியையும் கூட்டாளியின் பைக் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு வந்தான். இரண்டையும் வரிசையாகக் கட்டினால் 24 வோல்ட். அதைப் பெட்டியின் பேட்டரி முனையில் தொட்டதும் திரை எரிந்தது. தகடு வேலை செய்ய ஆரம்பித்தது, காவல்காரனும் கதவைத் திறந்தான். சில நிமிஷத்தில் பைக் பேட்டரிகளைக் கழற்றிவிட்டான். சின்னம்மா வாசலுக்குப் போய் "மீ லாப்பீ!" என்று ஒரு கத்து கத்தினார். எழுபத்தொரு வயது.

அதோடு போயிருக்கலாம். தம்பிக்குத்தான் உறுத்தியது. இத்தனை வெயிலில் பேட்டரி ஏன் காலியாக வேண்டும்? கிளாம்ப் மீட்டரை எடுத்துத் தகட்டிலிருந்து வரும் கம்பியைக் கவ்வினான், 24 ஆம்பியர். பேட்டரிக்குப் போகும் கம்பியைக் கவ்வினான், அதே 24. என்னைப் பார்த்துச் சிரித்தான். "எம்.பி.பி.டி.ன்னா ரெண்டும் ஒண்ணா இருக்குமாண்ணே?"

இருக்காது. தகடு 37, 40 வோல்ட்டில் தரும், பேட்டரி 26 சொச்சத்தில் வாங்கும். உண்மையான எம்.பி.பி.டி. மிஞ்சும் வோல்டேஜை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். பி.டபிள்யூ.எம். என்ற சாதாரண வகைப் பெட்டி தகட்டின் கையைப் பிடித்து பேட்டரி மட்டத்துக்கு இழுத்துவிடும், மிச்சமெல்லாம் வீண். திருகைக் கழற்றிக் காட்டினான். உள்ளே ஒரு பச்சைப் பலகை, நாலைந்து சில்லு, மற்றபடி காற்று. வோல்டேஜை மாற்றுவதற்குத் தடித்த செம்புச் சுருள் இருக்க வேண்டும், அதுதான் கனம். இதைக் கையில் வாங்கிப் பார்த்தேன், பிஸ்கட் தீர்ந்த டின் மாதிரி இருந்தது. ஒரு வருஷமாகச் சின்னம்மா வெயிலில் கால்வாசிக்கு மேல் இந்த டின்னுக்குக் காணிக்கை கொடுத்திருக்கிறார்!

திஞ்சான் முடிந்து கடை திறந்ததும் நேராக ரங்கூனுக்குப் போனேன். மகாபந்துலா சாலைப் பக்கம் ஒரு கடை, பெயர் வேண்டாம். கடைக்காரர் உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, குடும்பம் எல்லாம் விசாரித்துவிட்டு, "பெட்டியில எழுதியிருக்கே சார்," என்றார். சிங்கப்பூரில் இந்நேரம் பணம் திரும்பி வந்திருக்கும், தேநீர்தான் வந்திருக்காது. இரண்டு கோப்பை குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

புதுசு வாங்கும்போது தம்பியைக் கையோடு கூட்டிப்போனேன். கடைக்காரர் பேசப் பேச அவன் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கித் தூக்கிப் பார்த்தான், மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி. ஆம்பியர் கணக்கு லேசுதான். தகடு 1100 வாட், பேட்டரி 25.6 வோல்ட், வகுத்தால் 43. ஆக, 50 அல்லது 60 ஆம்பியர். வோல்டேஜில்தான் நான் வழுக்கினேன். 100 வோல்ட் தாங்குவது மலிவாக இருந்தது, அதைக் காட்டினேன். சுமையில்லாதபோது ஒரு தகடு ஏறக்குறைய 49.5 வோல்ட். இரண்டை வரிசையாகக் கட்டினால் 99, குளிர்ந்த காலையில் அதற்கும் மேலே ஏறும். "ஒரு தை மாசக் காலை போதும்ணே, புகைஞ்சுடும்," என்றான். 150 வோல்ட் தாங்குவதை வாங்கினோம். விக்ட்ரான் பெட்டிகளில் 100/50, 150/60 என்று இருக்குமே, முன்னது வோல்ட், பின்னது ஆம்பியர். அந்தக் கம்பெனி விலை எங்களுக்குக் கட்டவில்லை. வேறு ஒன்று, ஆனால் கனமானது.

மாட்டும்போது முதலில் பேட்டரிக் கம்பி, அப்புறம்தான் தகடு. கழற்றும்போது தலைகீழ். பேட்டரி வகை லித்தியம் என்று மாற்றி, சார்ஜ் 28.4 வோல்ட், நிரம்பியபின் தாங்கிப் பிடிக்கும் ஃப்ளோட் 27. ஆசிட் பேட்டரிக்கு அவ்வப்போது வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் ஈக்குவலைஸ் லித்தியத்துக்கு ஆகாது, அதை அடைத்துவிட்டான். சூட்டுக்குத் தக்கபடி வோல்டேஜ் மாற்றும் திருத்தத்தையும் பூஜ்யமாக்கினான். இன்வெர்ட்டர் 24 வோல்ட்டிலேயே நிற்கும்படி செய்தான், காவல்காரனுக்கு இனி வேலையில்லை. பிறகு கிளாம்ப் மீட்டரை என் கையில் கொடுத்தான். தகடு இரண்டையும் இப்போது வரிசையாகக் கட்டியதால் ஆம்பியர் பாதிதான்: தகட்டுக் கம்பியில் 12. பேட்டரிக் கம்பியில் 32. நான் நாலு தடவை மாற்றி மாற்றிக் கவ்விப் பார்த்தேன். சின்னம்மா, "விடுப்பா, அதுக்கு வலிக்கப்போகுது," என்றார்.

கூலி எவ்வளவு என்றால் தம்பி மாமியைக் கை காட்டுகிறான், மாமி சோற்றுத் தட்டைக் காட்டுகிறார். சட்டைப் பையில் திணிக்க வேண்டியிருந்தது.

பழைய பெட்டியைச் சின்னம்மா தூக்கிப் போடவில்லை. கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். காற்றடித்தால் கதவோடு சேர்ந்து பெட்டியும் நகர்கிறது.