திரும்பப் படிப்பதா, மூடிவைத்து எழுதுவதா?

பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி பாடத்தை மூன்று நான்கு முறை வாசிக்கும், முக்கியமான வரிகளுக்குக் கோடு போடும், குறிப்பெடுக்கும், கடைசியில் அந்தக் குறிப்பையும் வாசிக்கும். இன்னொரு கட்சி ஒருமுறை புரிந்து படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து, வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கும். என் ஓட்டு இரண்டாவதற்கு. தூக்கம், அலைபேசி, கால அட்டவணை பற்றியெல்லாம் ஏற்கெனவே எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவை இரு கட்சிக்கும் பொது.

வாசிப்பு பிடித்துப்போகக் காரணம் உண்டு. மூன்றாம் முறை பக்கத்தைத் திருப்பும்போது எல்லாமே பார்த்த முகமாக இருக்கும். பார்த்த முகம் என்பதற்காகப் பெயர் தெரியும் என்று ஆகிவிடாது. ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தை நாலு தடவை வாசித்த மாணவரிடம், வெளியேறும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது என்று கேட்டால், கார்பன் டை ஆக்சைடு என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். நீர் மூலக்கூறு பிளப்பதிலிருந்துதான் அது வருகிறது. அந்த வரியைக் கண் நான்கு முறையும் கடந்துபோயிருக்கும், ஒருமுறைகூட நின்றிருக்காது. தாளில் தப்பாக எழுதி, சிவப்பு மையால் ஒருமுறை திருத்தினால் அது அவ்வளவு எளிதில் மறக்காது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 71தான். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: முன்னவர்களுக்கு 40, பின்னவர்களுக்கு 61. நாளைக் காலைத் தேர்வுக்கு இன்றிரவு வாசிப்பவர் ஏன் வாசிப்பை நம்புகிறார் என்பதும் இந்த ஐந்து நிமிடக் கணக்கிலேயே புரியும்.

ஆனாலும் என் முடிவுக்கு நினைவாற்றலைவிடப் பராமரிப்புச் செலவே பெரிய காரணம். முதல் மாதம் படித்த பாடத்தைத் தேர்வு நாள்வரை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்து பாடம், பாடத்துக்குப் பன்னிரண்டு அலகு என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 60. ஓர் அலகை ஒழுங்காக வாசிக்க ஒன்றரை மணி நேரம் என்றால் ஒரு சுற்றுக்கு 90 மணி நேரம். நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் 22, 23 நாள் ஓடிவிடும். கடைசி அலகைத் தொடும்போது முதல் அலகு மூன்று வாரப் பழசு. எழுதிப் பார்ப்பதில் 15 நிமிடம் எழுத, 10 நிமிடம் சரிபார்க்க, 10 நிமிடம் விட்டதை மட்டும் படிக்க, ஆக 35 நிமிடம். ஒரு சுற்று 35 மணி நேரம், ஒன்பது நாள். அடுத்த சுற்று இன்னும் குறையும், ஏனென்றால் நன்றாக வந்த அலகை அப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். வாசிப்பில் அந்த வசதி கிடையாது. எது தெரியும், எது தெரியாது என்று வாசிப்பு காட்டிக்கொடுக்காது. அதனால் எதையும் ஒதுக்கத் துணிச்சல் வராது, தெரிந்த அலகுக்கும் அதே ஒன்றரை மணி நேரம் போய்க்கொண்டே இருக்கும்.

செய்யும் விதம் இதுதான். தாளின் தலையில் அலகின் பெயர் மட்டும். நீல மையால், முழு வாக்கியமாக இல்லாமல், சொற்களாகவும் படமாகவும் படிநிலையாகவும் எழுதவும். நேரம் முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறையும் சிவப்பு மையால் சேர்க்கவும். சிவப்பை எண்ணி மூலையில் குறிக்கவும். மூன்றுக்குள் என்றால் பத்து நாள் கழித்து மறுபடி. எட்டுவரை என்றால் மூன்றாம் நாள். அதற்கும் மேல் என்றால் பாடத்தை ஒருமுறை வாசித்துவிட்டு மறுநாளே. இந்த எண்களை உங்கள் பாடத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

பலருக்கும் இது சரிப்படாமல் போவதற்குக் காரணம், புத்தகத்தை மூடிய கையோடு எழுத ஆரம்பிப்பது. அப்போது வருவது எதிரொலி. அது எல்லாருக்கும் வரும். நடுவே ஓர் இரவாவது போகட்டும். இன்னொரு காரணம் எட்டிப் பார்ப்பது. முட்டிக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு நிமிடம்தான் வேலை நடக்கும் இடம். அதில் புத்தகத்தைப் புரட்டினால் மீண்டும் வாசிப்புதான்.

கணிதத்தில் போட்டியே இல்லை. தீர்த்துவைத்த கணக்கை வாசிப்பது, மற்றவர் நீந்துவதைக் கரையில் நின்று பார்ப்பது மாதிரி. x² − 7x + 12 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டில் நடு உறுப்பின் கெழு −7, சூத்திரத்தில் அது +7 ஆக மாற வேண்டும். வாசிக்கும்போது இது பளிச்சென்று தெரியும். கை எழுதும்போது −7 என்றே போட்டுவிடும், மூலங்கள் 3, 4 வரவேண்டிய இடத்தில் −3, −4 வந்து நிற்கும். ஒரே வகைக் கணக்கைப் பத்து போடுவதைவிட, நாலு வகையைக் கலந்து போடுங்கள். எந்த முறையைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுப்பதும் தேர்வில் ஒரு வேலைதானே.

வாசிப்பு வெல்லும் இடமும் உண்டு. புரியாத பாடத்தை எழுதிப் பார்ப்பதில் பயனில்லை. முதல் சுற்று நிதானமான வாசிப்பாகவே இருக்கட்டும். செய்யுளும் இலக்கியப் பகுதியும் திரும்ப வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும். நீண்ட கட்டுரை வினாக்களுக்கு என் முறை அறிவியலில் கொடுக்கும் அதே பலனைக் கொடுக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். சட்டகம் நினைவில் நிற்கும், நடை வராது.

ஒருபக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய கேள்வி அட்டைகள் ஆண்டு, வரையறை, சூத்திரத்துக்குச் சரி. ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி என்ற வரம்பு மீறினால் அதுவும் குறிப்பேடாகிவிடும்.

பழைய வினாத்தாள்களை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். மூன்றைத் தொடாமல் வைத்திருந்து, கடைசி மூன்று வாரத்தில் வாரத்துக்கு ஒன்றாக, கடிகாரம் வைத்து எழுதுங்கள். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண் என்றால், சரிபார்க்க 15 நிமிடம் போக மதிப்பெண்ணுக்கு 1.65 நிமிடம் கிடைக்கும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எட்டு நிமிடம். திருத்தும்போது விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு, அதில் கேட்ட சொல் உங்கள் விடையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘நான் சொல்ல வந்தது அதுதான்’ என்று நமக்கு நாமே அரை மதிப்பெண் போட்டுக்கொள்வது இங்கேதான் நடக்கும்.